கத்தரிக்குத் தேனீப் பெட்டி வைத்தது வீணா?

ஒட்டன்சத்திரத்தான்:
அரை ஏக்கர் கத்தரி. காய் கூடும் என்று பெட்டி விற்றவர் சொன்னதை நம்பி இரண்டு பெட்டி வைத்தேன். ஒரு மாதமாயிற்று, தேனீ எல்லாம் பக்கத்துத் தோட்டத்து முருங்கையிலேயே கிடக்கிறது. பூ கொட்டுவதும் நிற்கவில்லை. காசு போனதுதான் மிச்சம்.

மண்வெட்டி:
முருங்கைக்குப் போகாமல் என்ன செய்யும்? கத்தரிப் பூவில் தேனே கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப்பைக்குள் அடைந்து கிடக்கும். நுனியில் மட்டும் சின்ன ஓட்டை. பவுடர் டப்பா மாதிரி, குலுக்கினால்தான் கொட்டும். கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அடிக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவிட்டு 'ஙொய்'யென்று உதறும். தக்காளிக்கும் இதே கதைதான். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை வராது.

பெட்டிக்காரன்:
அண்ணே, அதற்காகப் பெட்டியே வீண் என்று சொல்லிவிடாதீர்கள். சிந்தின மகரந்தத்தைப் பொறுக்கவாவது தேனீ கத்தரிக்கு வரும், பார்த்திருக்கிறேன். அப்புறம் பூசணி? ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியலில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். அதற்குள் மகரந்தத்தை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? பெட்டி வைத்த பிறகுதான் என் கொடியில் கோணல் காய் குறைந்தது.

மண்வெட்டி:
பூசணிக்குச் சரி தம்பி, மறுக்கவில்லை. இவர் போட்டிருப்பது கத்தரி.

ஒட்டன்சத்திரத்தான்:
அப்போ பூ கொட்டுவது வண்டு வராததாலா?

மண்வெட்டி:
எல்லாமே அதனால் இல்லை. உதிர்ந்த பூவை எடுத்துப் பாருங்கள். நடுவிலுள்ள சூல்தண்டு மஞ்சள் பைகளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அது காய்க்கிற பூ. குட்டையாக உள்ளேயே ஒளிந்திருந்தால், எந்த வண்டு வந்தாலும் அநேகமாகக் காய் பிடிக்காது. ஒரே செடியில் இரண்டும் வரும். நெட்டைத் தண்டுப் பூவும் கொட்டினால்தான் வெயில், தண்ணீர், வண்டு என்று யோசிக்க வேண்டும். மருந்து எப்போது அடிக்கிறீர்கள்?

ஒட்டன்சத்திரத்தான்:
காலை ஏழு மணிக்கு.

பெட்டிக்காரன்:
ஏழு மணிக்கா! என் தேனீயும் இவர் வண்டும் வேலைக்கு வருகிற நேரமாச்சே. பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள் ஐயா. இதில் மட்டும் நானும் மண்வெட்டி அண்ணனும் ஒரே கட்சி.

ஒட்டன்சத்திரத்தான்:
கொட்டகை மூங்கிலை ஓட்டை போடுகிறதென்று போன மாதம்தான் கருவண்டைப் புகை போட்டு விரட்டினேன்.

மண்வெட்டி:
அந்த ஓட்டைதான் அதற்கு வீடு. நாலு காய்ந்த மூங்கில் துண்டை வேலியோரம் கட்டிவிடுங்கள்.