பைக் பார்த்து நிற்கும் திசைக்கு ஒரு சொல்: தரிப்புமுகம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ரிவர்ஸ் பார்க்கிங்குக்குத் தமிழ்ச்சொல்லாக வந்த 'பின்செலுத்து நிறுத்தம்' என்ற பரிந்துரை காருக்குப் பொருந்தும். பைக்குக்கு ஒட்டாது. பெரும்பாலான பைக்குகளில் ரிவர்ஸ் கியரே கிடையாது. ஓட்டுகிறவர் இரண்டு காலையும் ஊன்றி உந்திக்கொண்டே பின்னால் போகிறார், இல்லையென்றால் இறங்கி நின்று தள்ளுகிறார். இடம் தாராளமாக இருந்தால் உள்ளேயே வட்டமடித்து, முன்சக்கரம் சாலையைப் பார்க்க நிறுத்திவிடுவார். அங்கே பின்னால் செலுத்துவதே நடக்கவில்லை, ஆனால் வண்டி நிற்கும் நிலை அதேதான். உள்ளே போன விதத்துக்குப் பெயர் வைத்து என்ன பயன்? நின்ற பிறகு வண்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்குத்தான் சொல் வேண்டும்.

என் பரிந்துரை: தரிப்புமுகம்.

'நிறுத்தம்' எனக்கு ஏன் போதவில்லை என்றால், வண்டி சற்று நிற்பதும் நிறுத்திவிட்டு ஆள் போய்விடுவதும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. 1968-ஆம் ஆண்டு வியன்னா சாலைக் குறியீட்டு ஒப்பந்தத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பலகை உண்டு: முதலாவதைத் தடுக்கக் குறுக்காக இரண்டு கோடு, இரண்டாவதற்கு ஒற்றைக் கோடு. இலங்கைத் தமிழில் பார்க்கிங் இடத்தை 'வாகனத் தரிப்பிடம்' என்பது அன்றாட வழக்கு. சொல் கையிலேயே இருக்கும்போது எடுத்துக்கொள்வோம்.

'முகம்' பற்றிச் சந்தேகம் வேண்டாம். வீட்டை 'கிழக்கு முகம்' என்கிறோம். 'வண்டியை வெளியே பார்க்க நிறுத்து' என்று பேச்சிலும் சொல்கிறோம். ஆக, சுவரைப் பார்த்து நின்றால் உள்முகத் தரிப்பு, சாலையைப் பார்த்து நின்றால் வெளிமுகத் தரிப்பு. சரிவில் மேட்டுமுகம், பள்ளமுகம்.

இந்தச் சொற்கள் தாங்குமா என்று ஓட்டுநர் கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடு சற்று உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருக்கும். நடைபாதை விளிம்பில் பின்சக்கரம் படும்படி விட்டால் வெளிமுகமே மேட்டுமுகமும் ஆகிவிடுகிறது. உள்முகமாக விட்டவர் கிளம்பும்போது பெரும்பாலும் நூறு கிலோவுக்குக் குறையாத வண்டியைப் பின்பக்கமாக மேட்டில் இழுக்க வேண்டும். 'ஓரத்தில் வெளிமுகமாகத் தரிக்கவும்' என்ற மூன்று சொல்லில் அவ்வளவும் அடங்கிவிடுகிறது.

சரிவில் இது இன்னும் முக்கியம். சைடு ஸ்டாண்டு முன்னோக்கித் திறந்து நிற்பது. பள்ளமுகமாக விட்ட வண்டி ஓர் அடி முன்னால் உருண்டாலும் ஸ்டாண்டு பின்னால் மடிந்து வண்டி சாய்ந்துவிடும். மேட்டுமுகமாகத் தரித்து முதல் கியரில் விட்டால் எஞ்சினே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்தப் பிடி கிடைக்காது, அதற்குத் தரிப்புமுகத்தை இன்னும் கவனித்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம், 'சாய்வுத் தரிப்பு' என்று வந்த பரிந்துரை. விளிம்புக்குக் கோணமாக வரிசையில் விடுவதை அது குறிக்கிறது, சரி. ஆனால் சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்பதையும் நாம் சாய்வு என்றுதானே சொல்வோம்? முன்னதைக் 'கோணத் தரிப்பு' என்றும், பின்னதைச் 'சாய்மானம்' என்றும் பிரித்துவிடலாம். சாய்மானத்துக்குத் தனிச்சொல் கட்டாயம் தேவை. இடப்பக்கத் தரை மேடாக இருந்தால் சாய்மானம் குறைந்து, லேசாக இடித்தாலே வண்டி வலப்பக்கம் விழுந்துவிடும்.

ஸ்டாண்டை 'தாங்கி' ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இயந்திரவியலில் பேரிங்குக்கு அது ஏற்கெனவே போய்விட்டது, அதே வண்டியின் சக்கரத்துக்குள்ளும் பேரிங் இருக்கிறது. ஸ்டாண்டு அப்படியே இருக்கட்டும்.

'பள்ளமுகம்' மட்டும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பள்ளம் என்றதும் சாலைக் குழியைத்தான் பலர் நினைப்பார்கள். 'இறங்குமுகம்' என்றால் விலை சரிவது நினைவுக்கு வருகிறது. 'சரிவுமுகம்' எப்படி? மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதற்கு வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.