உதவி தேவை: ஏறும்போது ஆறாவது நிமிடம் எஞ்சின் திணறுகிறது, இறக்கையில் "டங்" சத்தம்

முதல்பறப்பு:
கொஞ்சம் அவசரம், நாளைக் காலை மறுபடி பறக்கலாம் என்றிருக்கிறேன். நானே ஆறு வருடமாகக் கட்டிய விமானம், இதுவரை மூன்று முறை பறந்திருக்கிறது. முதல் முறை 12 நிமிடம், ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆறாவது நிமிட வாக்கில் எரிபொருள் அழுத்தம் மளமளவென்று இறங்கி, எஞ்சின் திக்கித் திணறியது. த்ராட்டிலைக் குறைத்ததும் ஒருவழியாக நிதானத்துக்கு வந்தது. அப்படியே திரும்பி இறக்கிவிட்டேன். பத்து நிமிடம் கழித்துத் தரையில் ஓட்டினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது.

வலது இறக்கை வேறு கனமாகத் தொங்குகிறது. மூன்றாம் முறை இறக்கைக்குள்ளிருந்து "டங்" என்று ஒரு சத்தம். எதோ விட்டுப்போச்சு என்று வயிறு கலங்கிவிட்டது. இறங்கியதும் ரிவெட் ரிவெட்டாகத் தட்டிப் பார்த்தேன், எல்லாம் உறுதியாகத்தான் இருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

ரிவெட்டுப்பிரியன்:
வாழ்த்துகள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என்ன எஞ்சின்? இறக்கை மேலேயா கீழேயா? பம்ப் உண்டா? அழுத்தம் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு இறங்கியது? என்ன பெட்ரோல்?

சூடுகண்டபூனை:
வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டத்தை அடைப்பது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் குழாய் சைலன்சர் பக்கமாகப் போகிறதா பாருங்கள். எனக்கும் இப்படித்தான். தீ தாங்கும் உறை சுற்றினேன், அதோடு போச்சு.

பழையகழுகு:
தம்பி, எஞ்சின் பெயரைக்கூடச் சொல்லாமல் கேட்டால் இங்கே யாரும் ஜோசியர் இல்லை. பறக்கும் முன் எரிபொருள் ஓட்டம் அளந்தாயா? மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி வைத்து அளக்க வேண்டும். பம்ப் உள்ள அமைப்பில் எஞ்சினின் உச்சத் தேவைக்கு 125 சதவீதம் வர வேண்டும், தானாக இறங்கி வரும் அமைப்பில் 150. இதெல்லாம் அரிச்சுவடி. ரிவெட் அடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது.

முதல்பறப்பு:
போனில் தட்டுகிறேன். ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ், 100 குதிரைத்திறன், மேல் இறக்கை, எஞ்சினில் பம்ப். அழுத்தம் 0.3 பாரிலிருந்து 0.1க்கு வந்தது. கார் பெட்ரோல். ஓட்டம் அளந்தேன் ஐயா, மூக்கைத் தூக்கி வைத்துத்தான். மணிக்கு 41 லிட்டர் வந்தது.

ரிவெட்டுப்பிரியன்:
அந்த எஞ்சின் டேக்ஆஃபில் மணிக்கு 27 லிட்டர் வாக்கில் குடிக்கும். 125 சதவீதம் என்றால் 34. 41 தாராளம். ஆனால் அழுத்தம் 0.15க்குக் கீழே போகக் கூடாது, 0.1 மானிக் கோளாறாக இருந்தாலொழிய ஆபத்து. சென்சாரின் எர்த் கம்பியைப் பாருங்கள். புது விமானத்தில் பாதிக் கோளாறு எர்த் கம்பியில்தான்.

வால்சக்கரம்:
மானி பொய் சொன்னால் எஞ்சினும் சேர்ந்து திணறுமா?

சூடுகண்டபூனை:
கார் பெட்ரோல் என்கிறாரே, அதுதான். குளிர்காலத்துக்குக் கலக்கும் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும். விமானத்துக்கென்றே வரும் பெட்ரோலான ஏவ்காஸ் போட்டால் இந்தப் பேச்சே வராது.

பழையகழுகு:
ஏவ்காஸா? அதில் ஈயம். 912க்கு ஈயம் ஆகாது. கியர்பெட்டியிலும் எண்ணெய்த் தொட்டியிலும் சேறு மாதிரிப் படியும், எண்ணெயை 25 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். புது ஆளுக்கு அரைகுறையாகச் சொல்லிக்கொடுக்காதே.

சூடுகண்டபூனை:
எத்தனால் கலந்த பெட்ரோல் மட்டும் அமிர்தமா? தண்ணீரை உறிஞ்சும், பழைய டேங்க் பூச்சைக் கரைக்கும்.

பழையகழுகு:
பத்து சதவீதம் வரை தயாரிப்பாளரே அனுமதிக்கிறார். கையேட்டைப் படி.

வால்சக்கரம்:
இருவரும் தனி இழை தொடங்கலாமே. இவர் நாளைக் காலை பறக்கப் போகிறேன் என்கிறார். பறக்காதீர்கள் நண்பரே, காரணம் தெரியும் வரை வேண்டாம்.

தகரடப்பா:
ஒன்றிரண்டு கேள்வி. எந்த டேங்கிலிருந்து ஓட்டினீர்கள்? மூன்று முறையும் டேங்கில் எவ்வளவு பெட்ரோல்? ஓட்டம் அளந்தபோது டேங்க் மூடி போட்டிருந்ததா?

முதல்பறப்பு:
மூன்று முறையும் வலது டேங்க்தான். இடதில் அளவுமானி சரியாகக் காட்டவில்லை, அதனால் கொஞ்சம்தான் ஊற்றினேன். முதல் முறை வலதில் பாதி, அடுத்த இரண்டு முறையும் கழுத்து வரை. டேங்க் 40 லிட்டர். அளந்தபோது மூடியைத் திறந்துதான் வைத்திருந்தேன், நடுநடுவே ஊற்ற வசதியாக. ஏன்?

தகரடப்பா:
அப்படியானால் வலது டேங்கின் வென்ட் குழாய், அதாவது டேங்குக்குள் வெளிக்காற்றை விடும் குழாய், அடைத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

ஏறும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 மில்லி போகிறது. ஆறு நிமிடத்தில் இரண்டரை லிட்டர். வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை என்றால், போன பெட்ரோலின் இடத்தையும் இருக்கிற காற்றேதான் நிரப்ப வேண்டும். பாதி டேங்கில் 20 லிட்டர் காற்று இருக்கிறது, அது கொஞ்சம் விரிந்தால் போதும், அதனால் முதல் முறை தப்பித்தீர்கள். கழுத்து வரை நிரப்பினால் இருப்பது இரண்டு மூன்று லிட்டர் காற்றுதான், அது இரண்டு மடங்காக விரிய வேண்டும். உள்ளே வெற்றிடம் மாதிரி ஆகிவிடும், பம்ப் எவ்வளவுதான் இழுக்கும்? நிரப்ப நிரப்பச் சீக்கிரம் நிற்கும் கோளாறு இது. மூடியைத் திறந்து அளந்ததால் சோதனையில் அகப்படவில்லை.

"டங்" சத்தம் டேங்கின் மெல்லிய அலுமினியத் தகடு உள்வாங்கியது. காலி எண்ணெய் டின்னின் மூடியை அழுத்தினால் வருமே, அதே சத்தம். வலது இறக்கை தொங்குவதற்கு வலதில் 29 கிலோ பெட்ரோலும் இடதில் கொஞ்சமும் இருப்பதே பாதிக் காரணமாக இருக்கும்.

பார்க்கும் வழி: வலது மூடியைப் போட்டு, வென்ட் குழாயில் ரப்பர் குழாயைச் செருகி வாயால் மெல்ல ஊதுங்கள். மெல்லத்தான், டேங்கை உப்ப வைக்க வேண்டாம். காற்றுப் போகாவிட்டால் அதுதான். மூன்றாம் முறை இறங்கியதும் மூடியைத் திறந்தபோது "உஸ்" என்று ஏதும் வந்ததா?

ரிவெட்டுப்பிரியன்:
நல்ல கணக்கு. எர்த் கம்பியை வாபஸ் வாங்குகிறேன். ஆனாலும் அதையும் பாருங்கள்.

பழையகழுகு:
வென்ட் என்பது நானும் சொல்ல வந்ததுதான்.

முதல்பறப்பு:
ஊதினேன், காற்றுப் போகவே இல்லை, கன்னம்தான் உப்பியது. மெல்லிய கம்பியை விட்டுக் கிளறினால் குழாயின் வளைவிலிருந்து காய்ந்த மண் பொலபொலவென்று கொட்டியது, கூடவே ஒரு சின்னப் பச்சைப் புழு. குளவிக் கூடு! பெயின்ட் அடித்தபின் இரண்டு மாதம் வெளியே நிறுத்தியிருந்தேன், அப்போது கட்டியிருக்கும். மூடியைத் திறக்கையில் "உஸ்" வந்தது உண்மை, வெயில் சூட்டில் அப்படி வருகிறது என்று விட்டுவிட்டேன்.

இடது குழாயும் பார்த்தாயிற்று, சுத்தம். இரண்டிலும் பெட்ரோலைச் சமமாக ஊற்றி, மூடியைப் போட்டே ஓட்டம் அளந்து, அப்புறம் எழுதுகிறேன்.

வால்சக்கரம்:
வேகமானிக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் பிடாட் குழாயையும் பார்த்துவிடுங்கள், குளவிக்கு அது இன்னும் பிடிக்கும். வேகமானி அடைத்துக்கொண்டு கிளம்பினால் அது வேறு கதை.

முதல்பறப்பு:
மூடி போட்டு அளந்ததில் 40 லிட்டர். பிடாட் சுத்தம். நேற்று 35 நிமிடம் பறந்தேன், அழுத்தம் 0.3லேயே நின்றது, சத்தமும் இல்லை. வலது இறக்கை இன்னும் ஒரு நூல் தாழ்கிறது, அதற்குத் தனி இழை போடுகிறேன். தகரடப்பா அண்ணா, நன்றி.

சூடுகண்டபூனை:
சந்தோஷம். இருந்தாலும் அந்தக் குழாய்க்கு உறை சுற்றிவிடுங்கள்.

பழையகழுகு:
ஈயம் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.