அம்மாவுடன் காசி: இரண்டு பேருக்கு 15,000 ரூபாய்க்குள் முடியுமா?

கரந்தை_செந்தில்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா தவறி வருஷம் திரும்பிவிட்டது. காசிக்குப் போய்த் திதி கொடுத்தே ஆக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். அம்மாவுக்கு 64 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. நான் தனியார் கம்பெனி, சேர்ந்தாற்போல ஒரு வாரம் பத்து நாள் லீவு கிடைத்தாலே பெரிய விஷயம். கையில் 15,000 இருக்கிறது. டூர் ஏஜென்சியில் கேட்டால் ஆளுக்கே அதைவிட அதிகம் சொல்கிறார்கள்.

தஞ்சாவூரிலிருந்து கிளம்ப வேண்டும். இரண்டு பேருக்கும் இந்தி தெரியாது. எங்கே தங்குவது, சாப்பாட்டுக்கு என்ன வழி, மார்கழியில் போகலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ரயில்_கிறுக்கன்:

மார்கழி வேண்டாம் ப்ரோ. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க உத்தரப் பிரதேசத்தில் மூடுபனி. வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும், சிலது ரத்தாகும். பிப்ரவரி பாதிக்கு மேல் அல்லது மார்ச் பாருங்கள். மகா சிவராத்திரி வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் ஊர் வழியாகவே கன்னியாகுமரி – பனாரஸ் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் போகிறது, 2023 டிசம்பரில் விட்ட வண்டி. வாரம் ஒருமுறைதான். அது கிடைக்காவிட்டால் சென்னை சென்ட்ரலிலிருந்து கங்கா காவேரி இருக்கிறது. பனாரஸ் என்பது பழைய மண்டுவாடி ஸ்டேஷன், வாரணாசி ஜங்ஷன் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள். முகல்சராய் என்று அம்மா கேள்விப்பட்டிருப்பார், அது இப்போது தீனதயாள் உபாத்யாயா ஜங்ஷன். அங்கே இறங்கினால் ஊருக்குள் வர இன்னும் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கும், 120 நாள் காலமெல்லாம் 2024 நவம்பரோடு போச்சு. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இப்போதே சேர்த்து வையுங்கள்.

புதுக்கோட்டை_சாரதா:

தம்பி, நான் என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவள். அவருக்கும் முழங்கால்தான். அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பணக் கணக்கு. மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சோடு நின்றது நின்றதுதான். மூன்றாம் ஏசியில் தஞ்சாவூரிலிருந்து ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும். இரண்டு பேர் போக வர ஒன்பதாயிரம் தாண்டும். ஸ்லீப்பரில் அதில் பாதிகூட ஆகாது. சிக்கனமாகப் போகிறவர்கள் எல்லோரும் ஸ்லீப்பர் என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். மத்தியப் பிரதேசம் தாண்டியதும் ரிசர்வேஷன் இல்லாதவர்கள் ஏறி, கீழ் பெர்த்தின் ஓரத்தில் "கொஞ்சம் நகருங்கள்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். அம்மா கால் நீட்ட முடியாது. பாத்ரூம் போகும் வழியெல்லாம் ஆள் படுத்திருக்கும். அப்படிப் போனால் காசியில் இறங்கும்போதே முழங்கால் வீங்கிவிடும். அப்புறம் மிச்சம் பிடித்த காசு ஆட்டோவுக்கும் மாத்திரைக்கும் போகும். ரயிலில் தாராளமாக இருங்கள், மற்ற எல்லாவற்றிலும் கையை இறுக்கலாம்.

கீழ் பெர்த்துக்கு ஒரு விஷயம். சீனியர் சிட்டிசன் கோட்டா 60 தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும். அவர்கள் தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவரோடோ ஒரே டிக்கெட்டில் போனால்தான் அது கிடைக்கும். உங்கள் பெயரையும் அதே டிக்கெட்டில் போட்டால் அந்தக் கோட்டா எடுக்காது. தனித்தனியாகப் போட்டால் அம்மா ஒரு பெட்டி, நீங்கள் ஒரு பெட்டி என்று ஆகிவிடலாம். அதனால் பொதுக் கோட்டாவிலேயே இரண்டு பேரையும் சேர்த்துப் போட்டு, "குறைந்தது ஒரு கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய்" என்று ஒரு தேர்வு இருக்கும், அதை டிக் செய்யுங்கள். முன்பதிவு திறக்கிற அன்றே காலை 8 மணிக்கு உட்கார்ந்தால் கிடைக்கும்.

தங்க இடம். வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் பார்த்துவிட்டு கங்கையைப் பார்த்த ஜன்னல், மொட்டை மாடி என்று தேடாதீர்கள். கரையோர விடுதிகளில் பாதிக்கு வண்டி போகாது. சந்துக்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து, அதற்கு மேல் உயரம் உயரமான படி ஏற வேண்டும். நமக்கு விசுவநாதர் கோயிலுக்கு அருகில், கோதோலியா பக்கம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. 1863-லிருந்து இருக்கிற சத்திரம். செட்டியார்களுக்கு மட்டும் என்று நினைத்துத் தயங்க வேண்டாம், மற்றவர்களுக்கும் இடம் தருகிறார்கள். முன்கூட்டியே போனில் பேசி, வயதானவர் வருகிறார், தரைத்தளமோ லிஃப்ட் பக்கமோ வேண்டும், மேற்கத்திய கழிப்பறை வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாடகை ஓட்டலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. மதியம் சாதம், சாம்பார், ரசம் என்று நம் சாப்பாடு. சாப்பிட வருவோம் என்று முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமல் போய் இலை முன் உட்கார முடியாது.

அங்கே தங்கினால் இன்னொன்று கிடைக்கும். விசுவநாதருக்குப் பால், சந்தனம், பூ எல்லாம் அந்தச் சத்திரத்திலிருந்துதான் தினமும் போகிறது. "சம்போ சம்போ" என்று சத்தம் போட்டுக்கொண்டே தூக்கிக்கொண்டு போவார்கள், அத்தனை நெரிசலிலும் ஆட்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். என் மாமியார் வாசலில் நாற்காலி போட்டுத் தினமும் அதைப் பார்ப்பார். கோயிலுக்குள் பார்த்ததைவிட இதைப் பற்றித்தான் ஊரில் வந்து அதிகம் பேசினார்.

திதி விஷயம்தான் உங்கள் பட்ஜெட்டை உடைக்கப் போகிறது, அதில் கவனமாக இருங்கள். அனுமன் காட் (காட் என்றால் படித்துறை) பக்கம் தமிழ் பேசும் சாஸ்திரிகள் தலைமுறையாக இருக்கிறார்கள். பஞ்சதீர்த்த சிராத்தம் என்றால் அசி, தசாசுவமேதம், மணிகர்ணிகை, பஞ்சகங்கை, வருணை சங்கமம் என்று படகில் ஐந்து துறைக்கும் போய்ப் பிண்டம் வைப்பது. படகு, சாமான், தட்சிணை என்று தனித்தனியாக ஏறும். வேண்டுமானால் ஒரே துறையில் சுருக்கமாகவும் செய்யலாம். எது செய்வது என்று ஊரிலேயே அம்மாவோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். படிக்கட்டில் உட்கார்ந்து தர்ப்பையைக் கையில் வாங்கியபிறகு "இதையும் செய்துவிடலாமே, அப்பாவுக்குத்தானே" என்று கேட்டால் யாராலும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. எங்களிடம் ஒருவர் அப்படித்தான் பேசிய தொகைக்கு மேல் பாதி வாங்கினார். "எல்லாம் சேர்த்து எவ்வளவு? படகும் சாப்பாடும் அதில் அடக்கமா?" என்று முன்னாலேயே கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவில்லை. காலையில் கச்சோடி, உருளைக்கிழங்கு சப்ஜி, சூடாக ஜிலேபி எங்கும் கிடைக்கும். கடுகெண்ணெய் வாசனை அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் வாழைப்பழம், மண்குவளையில் லஸ்ஸி. அன்னபூரணி கோயில் அன்னக்ஷேத்திரத்தில் இலவசச் சாப்பாடு உண்டு, தயங்காமல் போய் உட்காருங்கள். ரயிலுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டால் முதல் நாள் முழுக்க ஓடிவிடும். தேங்காய் சேர்ந்தது எதுவும் வேண்டாம்.

ஊர்சுற்றி_90:

அக்கா சொல்வது குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சரி. ஆனால் காசி என்றால் அசி காட் பக்கம்தான் தங்க வேண்டும் என்பேன். கோதோலியாவில் ஹாரன் சத்தத்திலேயே தலைவலி வந்துவிடும். அசியில் டார்மிட்டரி படுக்கை முந்நூறு நானூறுக்கு எடுத்தேன். விடியற்காலை அங்கேயே ஆரத்தி, பாட்டு எல்லாம் நடக்கும், கூட்டமும் கம்மி. கரையோரமாக நடந்தே தசாசுவமேதம் வரை வந்துவிடலாம்.

புதுக்கோட்டை_சாரதா:

நடந்தே வந்துவிடலாம், அங்கேதானே தம்பி சிக்கல்! ஒவ்வொரு துறையிலும் ஏறி இறங்கி வருகிற வழி அது. விடியற்காலை அசி ஆரத்தி நன்றாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஒருநாள் நாலரைக்கு எழுந்து இ-ரிக்ஷாவில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சாயங்காலம் தசாசுவமேத ஆரத்தியைவிட முதியவர்களுக்கு அது தோது.

அப்படி வரும்போது கேதார் காட்டில் இறங்குங்கள் செந்தில். சிவப்பும் வெள்ளையும் பட்டை அடித்த படி, பார்த்ததுமே நம்மூர்க் கோயில் குளம் என்று தோன்றும். மேலே கேதாரேசுவரர் கோயில், பக்கத்தில் குமரகுருபரர் வழி வந்த குமாரசாமி மடம். உங்கள் ஊர்ப்பக்கம் திருப்பனந்தாளில் இருக்கும் காசி மடத்தோடு தொடர்புள்ள இடம். அனுமன் காட்டில் பாரதியார் இளவயதில் இருந்த வீடும் இருக்கிறது. திதி முடிந்து வருகிற வழியிலேயே பார்க்கலாம், தனிச் செலவு இல்லை.

கரந்தை_செந்தில்:

ரொம்ப நன்றி அக்கா. மார்ச்சுக்குத் தள்ளிவிட்டேன், ஏசியே போடப்போகிறேன். இன்னும் மூன்று சந்தேகம். கோயிலில் அம்மாவால் வரிசையில் நிற்க முடியாது, என்ன செய்வது? ஆட்டோக்காரர்களிடம் எப்படிப் பேசுவது? கயாவும் பிரயாகையும் சேர்த்துப் பார்க்க முடியுமா? தங்க அன்னபூரணியையும் பார்க்க வேண்டும் என்கிறார் அம்மா.

புதுக்கோட்டை_சாரதா:

தங்க அன்னபூரணி தீபாவளியை ஒட்டிச் சில நாள்தான் தரிசனம். அந்தச் சமயம் அறை வாடகையும் கூட்டமும் நமக்குக் கட்டாது. மற்ற நாளில் அன்னபூரணியைப் பார்க்கலாம், தங்க விக்கிரகத்தை அல்ல என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் மனசு கஷ்டப்படுவார்.

விசுவநாதர் கோயில் 2021-க்குப் பிறகு வளாகமே விசாலமாகிவிட்டது. வாசலில் கேட்டால் முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி தருவார்கள். காசு கட்டிப் போகும் சுகம் தரிசனமும் உண்டு, அதைக் கோயில் கவுன்ட்டரிலோ கோயில் இணையதளத்திலோ மட்டும் வாங்குங்கள். "விஐபி தரிசனம்" என்று தெருவில் கூப்பிடுகிறவனோடு போகாதீர்கள். போன், பேனா, பை எதுவும் உள்ளே விடமாட்டார்கள். வாசல் கடைகளில் "லாக்கர் ஃப்ரீ" என்பார்கள், அப்புறம் பூத்தட்டை அவர்கள் சொல்கிற விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். சத்திரத்திலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போங்கள்.

ஆட்டோவில் ஏறும்போது "சவாரி" என்றால் ஷேர், "ரிசர்வ்" என்றால் வண்டி முழுக்க உங்களுக்கு. இதைச் சொல்லாமல் ஏறினால் இறங்கும்போது தகராறு. படகிலும் அப்படித்தான், ஆளுக்கா படகுக்கா என்று ஏறுவதற்கு முன் கேளுங்கள். பட்டுக்கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஆரம்பித்தால் காது கேட்காததுபோல் இருங்கள். மணிகர்ணிகையில் ஏழைகளுக்கு விறகு வாங்கத் தர்மம் கேட்டு ஒருவர் ஒட்டிக்கொள்வார், அங்கே நின்று பேச்சுக் கொடுக்க வேண்டாம். நோட்டில் தொகையை எழுதிக் காட்டினால் இந்தியே தேவையில்லை. நான் அப்படித்தான் சமாளித்தேன்.

கயாவையும் பிரயாகையையும் ஒரே பயணத்தில் திணித்தால் அம்மா படுத்துவிடுவார். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிரயாகை 120 கிலோமீட்டர் சொச்சம், காலையில் பஸ் பிடித்தால் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். கயா அதைப்போல இரண்டு மடங்கு தூரம், போய் ஒரு ராத்திரி தங்க வேண்டும். ஆனால் உங்களுக்குக் காரியம்தான் முக்கியம் என்றால் கயாதான் சரி, பிரயாகையை விட்டுவிடுங்கள். இரண்டும் வேண்டாம், ஓய்வாக எங்காவது போகலாம் என்றால் பத்துக் கிலோமீட்டரில் சாரநாத். சமதரை, மர நிழல், உட்கார இடம் நிறைய. அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அன்று போகாதீர்கள். நான்கு சிங்கத் தூணின் தலைப்பகுதி அதற்குள்தான் இருக்கிறது.

15,000 என்பது கயாவும் திதியும் சேர்ந்தால் பற்றாது. 20 வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில்_கிறுக்கன்:

திரும்பி வரும் டிக்கெட் திறக்கிற நாள் தனியாக வரும், காலண்டரில் குறித்து வையுங்கள். போகிற டிக்கெட்டை மட்டும் போட்டுவிட்டு வெயிட்டிங் லிஸ்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். பனாரஸில் ராத்திரி வெகுநேரம் கழித்து இறங்க வேண்டி வந்தால் ஸ்டேஷன் ஓய்வறையை அதே பிஎன்ஆரில் ஐஆர்சிடிசியில் பதிவு செய்யலாம், அந்த நேரத்தில் ஆட்டோ தேடி அலைய வேண்டாம்.

புதுக்கோட்டை_சாரதா:

ஆமாம், அது நல்ல யோசனை. செந்தில், கங்கை நீர் கொண்டு வரக் கேனை ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று வீட்டில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு. கரையில் விற்கிற பிளாஸ்டிக் கேன்கள் ரயில் ஆட்டத்தில் கசியும். மேல் பெர்த் ஆள் நம்மைத்தான் திட்டுவார்.