‘இன் புரூஜ்’ பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே, சத்துவாச்சாரியில் இருந்து எழுதுகிறேன். 2008-ல் வந்த ‘இன் புரூஜ்’ படத்தை இங்கே யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் கேட்டவரை ஒருத்தருக்கும் பெயர்கூடத் தெரியவில்லை. மார்ட்டின் மெக்டொனா இயக்கிய முதல் முழுநீளப் படம். லண்டனில் ஒரு வேலை சொதப்பியதால் கூலிக்குக் கொலை செய்யும் இரண்டு பேர் பெல்ஜியத்தில் இருக்கும் புரூஜ் என்ற பழைய ஊரில் போய்ப் பதுங்குகிறார்கள், அவ்வளவுதான் கதை. பெரியவர் கோபுரம், கால்வாய் என்று ரசித்துச் சுற்ற, சின்னவன் (காலின் ஃபாரல்) முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வேலூர்க் கோட்டைக்கு வலுக்கட்டாயமாக இழுத்து வரப்பட்ட காலேஜ் பையன் மாதிரி பின்னாலேயே வருகிறான்.

கோபுரத்தில் ஏற டிக்கெட் 5 யூரோ, பெரியவரிடம் சில்லறையாக 4.90தான் இருக்கிறது, கவுன்டரில் இருப்பவர் அந்தப் பத்து சென்ட்டை விடவே மாட்டேன் என்கிறார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் மச்சான் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்புறம் அந்தச் சொதப்பலில் ஒரு சின்னப் பையன் செத்தது தெரிந்ததும், “இதையா காமெடின்னு சொன்ன?” என்று எழுந்து போய்விட்டார்.

வர்ற ஞாயிறு மொட்டை மாடியில் ஏழெட்டு பேருக்குப் போடலாம் என்று இருக்கிறேன். அந்த விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாமா, இல்லை படமே சொல்லட்டும் என்று விட்டுவிடலாமா? உங்களுக்குச் சிரிப்பு வந்ததா, எந்த இடத்தில் நின்றது? கெட்ட வார்த்தை ஏகப்பட்டது, அதனால் பசங்களைக் கீழே அனுப்பிவிடுவேன். தமிழ் சப்டைட்டில் எங்கேயாவது கிடைக்குமா என்றும் சொல்லுங்கள், சனிக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது.