நாளை காலை ஒன்பது மணி, ஐந்து சிவப்பு வட்டங்கள்: அவசர உதவி தேவை

புதியவன்:
வணக்கம். வெளிநாடு வந்து ஆறு வாரம் ஆகிறது. நான் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையை மேலாளர் திருப்பி அனுப்பியிருக்கிறார். எக்விப்மென்ட்ஸ், இன்ஃபர்மேஷன்ஸ், ஃபர்னிச்சர்ஸ், ஃபீட்பேக்ஸ், அக்காமடேஷன்ஸ்: ஐந்திலும் கடைசி ‘எஸ்’ மேல் சிவப்பு வட்டம். விளக்கம் ஒரு வரிகூட இல்லை. காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அனுப்பிவிடுவார்களா? இரவுக்குள் எதைப் படிப்பது?

டொராண்டோ பெரியவர்:
இதற்கா இத்தனை கலக்கம், தம்பி? நான் 2009 ஜனவரியில் வந்து இறங்கியபோது மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றுதான் இருந்தது. கிடங்கில் இரவு வேலை. பனியில் பஸ்ஸுக்காக நாற்பது நிமிடம் நின்று காது மரத்துப்போகும். இலக்கணத்தை யார் பார்த்தார்கள்? முதலில் நல்ல பூட்ஸ் வாங்குங்கள்.

மெல்பர்ன்வாசி:
பூட்ஸ் இருக்கட்டும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் எழுத்துப் பகுதியில் கால்வாசி மதிப்பெண் இலக்கணத்துக்கு. எனக்கு அரை பேண்ட் மதிப்பெண் போனது இந்த ‘எஸ்’ஸால்தான். பன்மை ஏற்காத சொற்களை நூறு முறை எழுதிப் பாருங்கள்.

நியூஜெர்சி அண்ணன்:
அக்காமடேஷன்ஸ் சரிதான்! தங்குமிடத்துக்கு இங்கே அப்படித்தான் எழுதுகிறார்கள். மேலாளரிடம் நேராகவே கேளுங்கள், பணியாதீர்கள்.

டொராண்டோ பெரியவர்:
வேலை போனால் வாடகையை நீங்களா கட்டுவீர்கள்?

மெல்பர்ன்வாசி:
வாடகையை நினைவூட்டாதீர்கள் ஐயா. இங்கே முருங்கைக்கீரை விலையைக் கேட்டாலே பசி அடங்கிவிடுகிறது.

சிங்கப்பூர் டீச்சர்:
கீரையை விடுங்கள், அந்தப் பிள்ளைக்கு விடிந்தால் ஒன்பது மணி. தம்பி, மூன்று தகவல், இரண்டு அறிவுரை என்று தமிழில் எண்ணிப் பழகிவிட்டோம். ஆங்கிலம் அவற்றை அரிசியைப்போல மொத்தமாகப் பார்க்கிறது. கடையில் ‘மூன்று அரிசி கொடுங்கள்’ என்று கேட்போமா? படி, கிலோ என்று ஓர் அளவு வேண்டும். அதே வேலையை அங்கே ‘பீஸ் ஆஃப்’, ‘ஐட்டம் ஆஃப்’ செய்கின்றன. த்ரீ ஐட்டம்ஸ் ஆஃப் ஃபர்னிச்சர் என்றால் ‘எஸ்’ ஐட்டத்தோடு நின்றுவிடும். மெனி வராது, மச். ஐயம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியைப் பாருங்கள், சொல்லுக்குப் பக்கத்தில் ‘யு’ (அன்கவுன்டபிள்) மட்டும் இருந்தால் எண்ணக் கூடாது. அது சரி, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? ஒரு வரி போடுங்கள், பார்க்கிறேன்.

புதியவன்:
மன்னியுங்கள், பதற்றத்தில் விட்டுவிட்டேன். இங்கிலாந்து, லீட்ஸ். மாணவர் விடுதியில் அலுவலக வேலை. வரி இது: ‘தீஸ் எக்விப்மென்ட்ஸ் ஆர் ஓல்டு.’ ‘எஸ்’ஸை எடுத்துவிட்டால் போதுமா?

சிங்கப்பூர் டீச்சர்:
போதாது. திஸ் எக்விப்மென்ட் இஸ் ஓல்டு. முன்னால் இருக்கும் தீஸ், பின்னால் இருக்கும் ஆர் இரண்டும் மாற வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பிரிட்டன் என்பதால் அக்காமடேஷனிலும் ‘எஸ்’ வேண்டாம். அண்ணன் சொன்னது அவர் ஊருக்குச் சரி.

நியூஜெர்சி அண்ணன்:
நாட்டை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வீராவேசம் காட்டியிருக்க மாட்டேன்.

புதியவன்:
திருத்திக்கொண்டிருக்கிறேன். ‘ஸ்டாஃப்ஸ்’ என்று மூன்று இடத்தில் இருக்கிறது. அதை அவர் வட்டமிடவில்லை.

சிங்கப்பூர் டீச்சர்:
ஊழியர்களைச் சொல்கிறீர்கள் என்றால் ஸ்டாஃப் மட்டும் போதும். ‘எஸ்’ போட்டால் கைத்தடிகள் என்றும் பொருள்படும். அவர் கண்ணில் படுவதற்குள் மாற்றிவிடுங்கள்.

டொராண்டோ பெரியவர்:
போய்வந்து சொல்லுங்கள், தம்பி. காதை மூடிக்கொண்டு போங்கள்.