நவம்பர் மழையில் 28, 32 கி.மீ. லாங் ரன்: எப்படி முடிப்பது?

அடையாறுக்கரை:
ஜனவரி சென்னை மாரத்தானில் ஃபுல் (42.2 கி.மீ.) ஓடுகிறேன். அட்டவணைப்படி 24, 28, 26, 32 கி.மீ. என்று நாலு லாங் ரன் (வாரம் ஒருமுறை நீண்ட தூரப் பயிற்சி ஓட்டம்) பாக்கி, எல்லாமே ஞாயிறு விடியற்காலை 4 மணிக்கு. வேகம் கிலோமீட்டருக்கு 6:45. வார நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்காது. மழையிலேயே ஓடுவதா, ட்ரெட்மில்லா, 32-ஐக் காலை மாலை என்று பிரிக்கலாமா? ஷூ ஒரே ஜோடி.

கலங்கரை42:
முதலில் அந்த 4 மணியை விடுங்கள். வடகிழக்குப் பருவமழை கடலோரத்தில் கொட்டுவது பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான். ராத்திரி கடல்மேல் திரளும் மேகம் கீழைக்காற்றோடு கரையேறும். மதியத்துக்கு மேல் பல நாள் ஓய்ந்துவிடும். வெயில் காலத்துப் பழக்கத்தில் நவம்பரிலும் 4 மணிக்குக் கிளம்புவது, மழையைத் தேடிப்போய் நனைவதுதான். (காற்றழுத்தத் தாழ்வு பக்கத்தில் நிற்கும் நாளில் இந்தக் கணக்கு செல்லாது. அன்று எல்லா நேரமும் ஒன்றுதான்.)

உங்கள் வேகத்தில் 28-க்கு 3 மணி 9 நிமிடம், 32-க்கு 3 மணி 36 நிமிடம். நவம்பரில் 5.40-க்கே பொழுது சாய்ந்துவிடும். அதனால் 28-ஐ 2.15-க்கும் 32-ஐ 1.45-க்கும் தொடங்குங்கள். சாப்பாடு பத்தரைக்குள், நாலு இட்லியோடு நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ராத்திரிக்கு. இடையில் வெயில் எட்டிப் பார்த்தால் புழுக்கம் ஆளை உருக்கிவிடும், கி.மீ.க்கு 20 நொடி மெதுவாக ஓடுங்கள்.

கிளம்பும் முன் வானிலை ஆய்வு மையத்தின் சென்னை ரேடார் படம் இரண்டை அடுத்தடுத்துப் பாருங்கள். மழைப்பட்டை 10 நிமிடத்தில் 5 கி.மீ. நகர்ந்து, கரைக்கு இன்னும் 15 கி.மீ. இருந்தால் அரை மணியில் தலைக்கு மேல் நிற்கும். நகரும் பட்டையாக இருந்தால் அது கடக்கும்வரை காத்திருந்து பின்னாலேயே கிளம்பலாம்.

ஈரசாக்ஸ்:
மழையில் ஓட்டத்தைக் கெடுப்பது தண்ணீர் இல்லை, உராய்வு. இரண்டு மணி நேரம் ஊறிய தோல் சுருங்கி மெத்தென்று ஆகிவிடும், அதில் சாக்ஸ் மடிப்பு ஒன்று போதும் கொப்புளத்துக்கு. பருத்தி சாக்ஸ் கூடவே கூடாது. நைலான் கலந்தது போடுங்கள். விரல் இடுக்கு, தொடை உள்பக்கம், அக்குள் மூன்றிலும் வாசலின். மார்புக்கு மைக்ரோபோர் டேப். டேப்பை முதலில் உலர்ந்த தோலில் ஒட்டிவிட்டுத்தான் வாசலின் டப்பாவைத் திறக்க வேண்டும், வாசலின் பட்ட விரலால் ஒட்டினால் டேப் ரெண்டாவது கிலோமீட்டரில் கழன்றுவிடும். மழை வாசலினைக் கழுவிவிடும் என்பதால் ஒன்றரை மணியில் மறுபடி தடவுங்கள், 16-ஆவது கிலோமீட்டரில் சாக்ஸ் மாற்றுங்கள்.

பிளாஸ்டிக் ரெயின் கோட் வேண்டாம், உள்ளே வியர்வையில் வெந்துபோவீர்கள். விளிம்பு வைத்த தொப்பி போதும். வாட்டர்ப்ரூஃப் ஷூவும் இந்த ஊர் மழைக்கு வீண்: மேல்வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியேற வழி இருக்காது.

ஒரே ஜோடி என்றால் உலர்த்துவதுதான் பெரிய வேலை. இன்சோலை (ஷூவுக்குள் இருக்கும் அடி அட்டை) உருவி, நாடாவைத் தளர்த்தி, நாளிதழைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தத் தாளை மாற்றுங்கள், பிறகு ஃபேனுக்கு அடியில் ஒருக்களித்து வையுங்கள். அடுப்படி, ஹேர் டிரையர் இரண்டும் பசையை இளக்கிவிடும்.

மாடிப்படி:
பாதை பற்றி. ஒரே நீளமாகப் போய்த் திரும்பும் பாதை மழைக்கு ஆகாது, 14-ஆவது கிலோமீட்டரில் இடி இடித்தால் வீடு 14 கி.மீ. தள்ளி. காமராஜர் சாலையில் நேப்பியர் பாலம் முதல் கலங்கரை விளக்கம் வரை ஏறத்தாழ 3 கி.மீ.; வண்டியை நடுவில் நிறுத்தினால் மாற்று சாக்ஸ், தண்ணீர், துண்டு எல்லாம் ஒன்றரை கிலோமீட்டருக்குள். நடைபாதைக் கல், வெள்ளைக் கோடு, சாக்கடை இரும்பு மூடி மூன்றும் ஈரத்தில் வழுக்கும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவு என்றால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள், மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே மறுபடி ஓட்டம்.

தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். மூடியில்லாத வடிகால் தெரியாது. தெருவோர மின்பெட்டியில் கசிவு இருந்தால் அதுவும் தெரியாது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. மிதித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அடுத்த வாரங்களில் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்.

பிரிப்பதாக இருந்தால் 26-ஐப் பிரியுங்கள்: காலை 16, மாலை 10. 32-ஐ முழுசாக விட்டுவையுங்கள். களைத்த காலோடு கடைசி 8 கி.மீ. ஓடிப் பழகத்தானே அது?

அடையாறுக்கரை:
சரி, மதியத்துக்கு மாற்றுகிறேன். புயல் எச்சரிக்கை வந்து ஞாயிறே போய்விட்டால்?

கலங்கரை42:
ட்ரெட்மில்லில் 18 வரை, சரிவு 1 சதவீதம், ஃபேன் நேரே முகத்துக்கு. பல ஜிம் மெஷின்கள் 60 நிமிடத்தில் தானாக நின்றுவிடும், அந்த இடைவெளியில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போடுங்கள். விட்டுப்போன தூரத்தை அடுத்த ஞாயிறோடு கூட்டாதீர்கள். 32 மட்டும் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பே முடிய வேண்டும். அதற்குள் கிடைக்கவில்லையா, 28-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்.