சின்ன டாட் வாஷ்அவுட்டில் உதிர்கிறது, எக்ஸ்போஷரைக் கூட்டினால் ரிவர்ஸ் எழுத்து அடைக்கிறது: எங்கே பார்ப்பது?

லேபிள்_பிளேட்
வணக்கம். லேபிள் அச்சடிக்கும் ஃப்ளெக்ஸோ வேலை, அதாவது யூவி ஒளியில் உறையும் பாலிமரில் உருவம் மேடாக நிற்கும் பிளேட். 1.70 மி.மீ. டிஜிட்டல் பிளேட், சால்வென்ட் வாஷ் (உறையாத பாலிமரைக் கரைப்பானில் பிரஷ்ஷால் கழுவுவது). கொஞ்ச நாளாக ஒரே தொல்லை. 3 சதவீத டாட்கள் (வெளிர் நிறத்துக்கான மிகச் சின்னப் புள்ளிகள்) வாஷரை விட்டு வெளியே வரும்போதே அங்கங்கே காணாமல் போயிருக்கின்றன. மெல்லிய தனிக்கோடுகள் பாம்பு மாதிரி நெளிந்து நிற்கின்றன. மெயின் எக்ஸ்போஷரை (மேலிருந்து காட்டும் யூவி ஒளி) 10 நிமிடத்திலிருந்து 14 ஆக்கிப் பார்த்தேன். டாட் ஓரளவு நின்றது. ஆனால் சின்ன ரிவர்ஸ் எழுத்துகளில் (சுற்றிலும் மை, எழுத்து மட்டும் வெற்றிடம்) பள்ளம் குறைந்துவிட்டது, மெஷினில் ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே இங்க் அடைக்கிறது. பேக் எக்ஸ்போஷர் (அடியிலிருந்து காட்டும் ஒளி) 25 வினாடி, ஆரம்பத்திலிருந்தே அதுதான். பிளேட் லாட் சரியில்லையா, வாஷர் பிரஷ்ஷில் கோளாறா?

பிரஷ்மேன்
பிரஷ்ஷை ஒரு சுற்று மேலே தூக்குங்கள், வாஷ் வேகத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள். எங்களுக்கு அதிலேயே சரியானது.

ரிலீஃப்_மைக்ரான்
பிரஷ்ஷைத் தொடும் முன் ஒரு அளவு எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிளேட்டில் டிசைன் இல்லாத தரைப்பகுதியை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பாருங்கள். மொத்த தடிமனில் அதைக் கழித்தால் ரிலீஃப் ஆழம் வரும். வாஷரிலிருந்து எடுத்த ஈரப் பிளேட்டில் அளக்காதீர்கள், சால்வென்ட் குடித்து ஊதியிருக்கும்.

லேபிள்_பிளேட்
தரை 0.68 வருகிறது சார். ரிலீஃப் 1.02.

ரிலீஃப்_மைக்ரான்
அதுதான் விஷயம். 1.70 பிளேட்டில் லேபிள் வேலைக்கு ரிலீஃப் 0.6, 0.7 இருந்தால் போதும். உங்கள் தரை ரொம்பக் கீழே இருக்கிறது.

மெயின் எக்ஸ்போஷர் ஒளி மாஸ்க்கிலுள்ள (பிளேட்டின் மேலிருக்கும் கறுப்புப் படலம்) சின்னத் துளை வழியாக மேலிருந்து இறங்குகிறது. கீழே போகப் போக அதன் வலு குறையும். பேக் எக்ஸ்போஷர் அடியிலிருந்து தரையை உறைய வைத்து மேலே கொண்டுவருகிறது. இரண்டும் நடுவில் சந்தித்தால்தான் டாட்டுக்கு வேர் பிடிக்கும். தரை கீழே இருந்தால் சின்ன டாட்டின் ஒளி அதைத் தொடுவதற்குள் தீர்ந்துவிடும். டாட்டின் அடிப்பகுதி அரைகுறையாக உறைந்து நிற்கும், பிரஷ் பட்டதும் போய்விடும். கோடு நெளிவதும் இதனால்தான், அடியில் பிடிமானம் இல்லை. மெயினைக் கூட்டி அந்த இடைவெளியை மூடப் பார்த்தால் ஒளி பக்கவாட்டிலும் பரவுகிறது. ரிவர்ஸ் எழுத்து அங்கேதான் மாட்டுகிறது.

முதலில் மெயினைப் பழைய 10க்கே கொண்டு வாருங்கள். அப்புறம் பேக் எக்ஸ்போஷருக்கு ஸ்டெப் டெஸ்ட். ஒரு பிளேட் துண்டைப் பாலியஸ்டர் அடித்தளப் பக்கம் யூவி டியூபைப் பார்க்க வையுங்கள். ஒளி புகாத அட்டையால் மூடி, 10 வினாடிக்கு ஒரு பட்டையாகத் திறந்துகொண்டே வாருங்கள். கடைசிப் பட்டையை மூடியே விடுங்கள். மெயின் எக்ஸ்போஷர் கொடுக்கக் கூடாது. வழக்கமான வேகத்தில் வாஷ் செய்து, முழுசாகக் காயவைத்து, ஒவ்வொரு பட்டையையும் அளங்கள். 1.0 முதல் 1.1 வரை தரை தருகிற நேரம்தான் உங்களுக்கு வேண்டியது. அதற்கு மேல் போனால் தரை உயர்ந்து, மை படக்கூடாத இடத்திலும் அச்சில் தெரியும்.

பிரஷ்மேன்
சீக்கிரம் காய ட்ரையரை 75க்கு ஏற்றலாம், நேரம் மிச்சம்.

ரிலீஃப்_மைக்ரான்
வேண்டாம். 60 டிகிரியிலேயே விடுங்கள். சூடு கூடினால் பாலியஸ்டர் அடித்தளம் சுருங்கும், நான்கு கலர் வேலையில் ரெஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) சேராது. அவசரத்தில் பிளேட் ரூமில் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் ட்ரையர்தான்.

லேபிள்_பிளேட்
டெஸ்ட் எடுத்தேன். 40 வினாடியில் தரை 1.04. அதில் போட்ட பிளேட்டில் டாட் நிற்கிறது, கோடு நேராக இருக்கிறது, ரிவர்ஸும் திறந்திருக்கிறது. நன்றி சார். ஆனால் இடது ஓரத்தில் மட்டும் இன்னும் உதிர்கிறது. ஒரே பிளேட், ஒரே எக்ஸ்போஷர்.

யூவி_தாத்தா
25 வினாடி வேலை 40க்குப் போனதே டியூப் களைத்துவிட்டதைத்தான் காட்டுகிறது. கண்ணுக்கு நீலமாக எரிவதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பிளேட்டை உறைய வைக்கும் 365 நானோமீட்டர் பக்கத்து ஒளி குறைந்தாலும் டியூப் பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கும். யூவி மீட்டரைப் பிளேட் வைக்கும் படுக்கையின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். மீட்டர் வைக்கும் முன் டியூபைச் சில நிமிடம் எரியவிட்டுச் சூடேற்றுங்கள்.

லேபிள்_பிளேட்
நடுவில் 14 மில்லிவாட், இடது ஓரத்தில் 9. ஓரத்து டியூபை மட்டும் மாற்றினால் போதுமா?

யூவி_தாத்தா
போதாது. ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் புதுசுக்குக் கீழே ஒரு மாதிரி, பழசுக்குக் கீழே வேறு மாதிரி எக்ஸ்போஷர் விழும். முழு செட்டையும் மாற்றுங்கள், ஒரே வகை, ஒரே வாட். ரிஃப்ளெக்டரில் தூசி படிந்திருந்தால் துடையுங்கள். இன்னொன்று, புது டியூபுக்கு அந்த 40 வினாடியைக் கொடுத்துவிடாதீர்கள், தரை எங்கேயோ ஏறிவிடும். மெயின் நேரமும் மாறும். இரண்டுக்கும் ஸ்டெப் டெஸ்ட்டை மறுபடியும் எடுக்க வேண்டும்.

லேபிள்_பிளேட்
செட் மாற்றியாயிற்று. மீட்டர் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுகிறது. பேக் 22 வினாடியில் தரை 1.05. 3 சதவீதம் ஓரத்திலும் நிற்கிறது. 1 சதவீதம் மட்டும் எங்குமே நிற்கவில்லை.

ரிலீஃப்_மைக்ரான்
அது டியூப் குற்றமில்லை. டிஜிட்டல் பிளேட்டில் மேற்பரப்புப் பாலிமர் உறைவதைக் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் தடுக்கும், மாஸ்க்கில் இருக்கும் அளவைவிட டாட் சின்னதாகத்தான் உருவாகும். 1 சதவீதம் அப்படிக் கரைந்து இல்லாமலே போகிறது. ரிப்பில் (ஃபைலை டாட்டுகளாக மாற்றும் மென்பொருள்) பம்ப் கர்வ், அதாவது சின்ன டாட்களைப் பெரிதாக்கும் திருத்தம் போட்டு, பிளேட்டில் உறுதியாக நிற்கிற மிகச் சின்ன டாட் எதுவோ அதற்கு ஃபைலின் 1 சதவீதத்தை ஏற்றி விடுங்கள். எது நிற்கிறது என்று பார்க்க, 1லிருந்து 10 வரை டாட் பட்டை ஒன்றை அடுத்த பிளேட்டின் ஓரத்தில் சேர்த்துப் போடுங்கள்.